கடைசிச் சாமான்

வீடு காலி பண்ணுவதில் அவனுக்கு இருபது வருஷப் பழக்கம். ஆனால் அத்தனையும் அடுத்தவர் வீடு. கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், மீன்தொட்டி, உள்ளே என்ன இருக்கிறதென்று சொந்தக்காரருக்கே மறந்துபோன மூட்டைகள் என்று ஊரில் பாதிப் பேருடைய குடித்தனம் அவன் முதுகில் ஏறி இறங்கியிருக்கிறது. ஒரு தடவை கயிறு அறுந்து படியில் நழுவிய பிரிட்ஜை ஒத்தை ஆளாய்த் தோளில் வாங்கி, மேல்மாடியில் கொண்டுபோய் நிறுத்தினான். அன்றிலிருந்து அவனுக்குக் கிரேன் என்று பேர். அப்பா அம்மா வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

அந்தக் கிரேன்தான் இப்போது மூன்றாம் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில், தலையணையைத் திருப்பிப் போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தான்.

கொரோனா வந்தபோது அவனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. நாலு நாள் காய்ச்சல், கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். "என்னைப் பார்த்து அதுக்கே பயம்" என்று பெருமை அடித்துக்கொண்டு வேலைக்குப் போனான். சில வாரம் கழித்து, ஒரு வாஷிங் மெஷினோடு படியேறும்போது, சொல்லாமல் கொள்ளாமல் முழங்கால் இரண்டும் மடங்கின. மெஷினைக் கூடத் தூக்கிவந்த மச்சினன் பிடித்தான். கிரேனைப் படி பிடித்தது.

அதற்குப் பிறகு வந்ததைக் களைப்பு என்று சொல்ல முடியாது. களைப்பு அவனுக்குப் பழகிய ஆள். இருபது வருஷம் கூடவே சாப்பிட்டு, கூடவே படுத்து, காலையில் அவனுக்கு முன்னால் எழுந்து போய்விடும். இது வேறு ஆள். வந்தால் போகிற பேச்சே இல்லை. குளித்துவிட்டுத் தலை துவட்டினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். ஸ்பூன் விழுகிற சத்தம் மண்டைக்குள் ஆணி அடிக்கும். பேசிக்கொண்டே இருக்கும்போது வாயிலிருந்து வார்த்தை நழுவிவிடும். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், மூச்சை ஊதச் சொன்னார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வந்தது.

"ரிப்போர்ட்டுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்குங்க டாக்டர். எனக்குத்தான் சரியில்ல" என்றான் கிரேன்.

இரண்டாவதாகப் பார்த்த லேடி டாக்டர் அவன் சொன்னதை முழுசாகக் கேட்டார். கொரோனாவுக்கு அப்புறம் நிறையப் பேருக்கு இப்படி இருக்கிறது, கற்பனை இல்லை, நாளாகும் என்றார். "உடம்பைத் துரத்தாதீங்க. இன்னும் கொஞ்சம் முடியும்னு தோணும்போதே உக்காந்துடுங்க" என்றார். இன்னும் கொஞ்சம் முடியும் என்று தோன்றும்போது இன்னொரு மூட்டையைத் தூக்கியே வளர்ந்தவன் அவன். அந்த ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொள்வதுதான் அவனுக்கு மூட்டையிலும் பெரிய மூட்டையாக இருந்தது.

ஒரு சாயங்காலம், சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற அவன் மனைவி வேலையிலிருந்து வந்ததும் வராததுமாய், செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"கீழ் வீட்டுக்குச் சாவி வாங்கிட்டேன்."

"எந்தக் கீழ் வீடு?"

"நம்ம கட்டடத்துலதான். தரையோட இருக்கே, அது. அங்க இருந்தவங்க பொண்ணோட போய் இருக்கப் போறாங்களாம். வீட்டுக்காரம்மாகிட்ட பேசி முடிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை மாத்திடலாம்."

"யாரைக் கேட்டு முடிச்ச?"

"உங்களைக் கேட்டா வேணாம்பீங்க. அதான் கேக்கல."

கிரேன் எழுந்து உட்கார்ந்தான். சண்டை போடுவதற்கு உட்கார்ந்தால்தான் சரிப்படும்.

"அது வீடா? செருப்பு விடற இடம். மோட்டார் போட்டா கட்டிலே ஆடும். போறவன் வர்றவன் எல்லாம் ஜன்னல்ல தலையை விட்டு என்ன சமையல்னு பார்ப்பான்."

"பார்க்கட்டுமே. இங்க உங்களைப் பார்க்க யாரு வர்றா? காக்காதான் வருது. அதுவும் நேத்திலேர்ந்து காணோம்."

"விளையாடாத. கீழ போனா என்ன அர்த்தம்? இவன் இனிமே ஏற மாட்டான்னு நாமளே ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி."

"ஏறணும்னு வந்தா அன்னைக்கு ஏறிக்கலாம். மாடி எங்கயும் ஓடிப் போகாது. அதுக்காக அதுவரைக்கும் வெயிலே பார்க்காம இருக்கணுமா? கடைசியா எப்ப தெருவுல நின்னீங்க, சொல்லுங்க பார்ப்போம்."

அது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால், ரத்தப் பரிசோதனைக்கு. இறங்குவதுதானே என்று இறங்கினான். ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தான். வந்த அன்றைக்குக்கூட ஒன்றும் தெரியவில்லை. மறுநாளுக்கு மறுநாள் அடித்துப் போட்டது. ரெண்டு வாரத்துக்கு மேல் விளக்கைப் போட விடாமல், போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தான். மனைவிதான் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள்.

இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. கோபித்துக்கொண்டு வெளியே போகலாம் என்றால் மூணு மாடி இறங்க வேண்டும். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவனால் முடிந்த வெளிநடப்பு அவ்வளவுதான்.

"சரி, சுவத்துக்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க" என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றதும் வீடு கிணற்றடி மாதிரி அமைதியாகிவிட்டது. அவள் தினமும் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியிலிருந்து பஸ் பிடித்து ஓடிவந்து, அவனுக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி ஓடுவாள். அன்றைக்கு அவள் கேட்டைத் திறப்பதிலிருந்தே சத்தம் மேலே கேட்டது.

படியில் கேட்கிற காலடியை வைத்துச் சுமை என்னவென்று சொல்லிவிடுவான் கிரேன். கண்ணாடி தூக்கி வருகிறவன் நடை வேறு, அரிசி மூட்டைக்காரன் நடை வேறு. படுத்தபடியே காது கொடுத்தான். முதல் மாடி வரைக்கும் சரியாக வந்தாள். அதற்கு மேல் ஒரு கால் முன்னால் வந்தது, இன்னொரு கால் இழுபட்டு வந்தது. கைப்பிடிக் கம்பி கிறீச்சிட்டது. என்னமோ பெரிய சாமான் தூக்கி வருகிறாள் என்று நினைத்தான். சிலிண்டரா? இவளுக்கு எதற்கு இந்த வேலை? இரண்டாம் மாடித் திருப்பத்தில் சத்தம் நின்றது. "அம்மாடி" என்று ஒரு முனகல். உட்கார்ந்துவிட்டாள் போலிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அந்த இழுப்பு நடை. வாசலுக்கு நாலைந்து படி இருக்கும்போது நடை திடீரென்று மாறியது. கிடுகிடுவென்று ஏறி, கதவைத் தள்ளிக்கொண்டு, சிரித்த முகமாய் உள்ளே வந்தாள்.

"பசிச்சுடுச்சா? ரெண்டு நிமிஷம், முட்டையை உடைச்சு ஊத்திடறேன்."

அவள் கையில் ஒன்றும் இல்லை. சிலிண்டரும் இல்லை, மூட்டையும் இல்லை. ஒரு சின்ன மணிபர்ஸ்.

கிரேன் அவளையே பார்த்தான்.

"என்ன தூக்கிட்டு வந்த?"

"ஒண்ணும் இல்லையே. ஏன்?"

இத்தனை நாள் மின்விசிறிச் சத்தத்தில் இந்த நடையைக் கேட்காமலே விட்டிருக்கிறேனே என்று அவனுக்கு உறைத்தது. அவள் முட்டையை உடைத்து ஊற்றினாள்.

"உன் தம்பியை ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்க?" என்றான்.

அவள் கரண்டியோடு திரும்பினாள். "சுவரு சரின்னு சொல்லிடுச்சா?"

"சொல்லிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி பெய்த மழையில் கழுவிவிட்ட மாதிரி வானம் பளிச்சென்று விடிந்தது. மச்சினன் வந்தான், கூடவே ஒல்லியும் மொட்டையும். மூன்று பேரும் கிரேனிடம் தொழில் பழகியவர்கள். மூட்டைத் துணி, கயிறு, தோளில் மாட்டுகிற பட்டை எல்லாம் கல்யாண மாலை மாதிரி அலங்காரமாய்த் தோளில் தொங்கின.

"என்ன மாமா, லாரி வாடகைகூட இல்லாத வேலையாப் பார்த்துக் குடுத்திருக்கா எங்கக்கா" என்றான் மச்சினன்.

"பேசிட்டே நிக்காத. அலமாரிக்கு முன்னாடி கட்டில்ல கை வைக்காத. கண்ணாடிச் சாமானுக்கு அடியில துணி போடு."

"அண்ணே, நீங்க படுங்க" என்றான் ஒல்லி. "கட்டிலைக் கடைசியாத்தான் எடுப்போம். நீங்க அதுல இருக்கீங்க இல்ல."

வீடு அவனைச் சுற்றிக் கரைய ஆரம்பித்தது. பாத்திரம் போயிற்று, துணிமணி போயிற்று, தையல் மெஷின் போயிற்று. வெறும் சுவர்களுக்கு நடுவில் அலமாரியும் கட்டிலும் அவனும் மட்டும் இருக்க, அவன் போட்ட சத்தம் அவனுக்கே எதிரொலித்துத் திரும்பி வந்தது. வேடிக்கை என்னவென்றால், அவனுக்கு அது பிடித்திருந்தது. மாசக்கணக்கில் கேட்காத சத்தங்கள். "பிடி, பிடி" என்கிற குரல், மூட்டைத் துணி தரையில் இழுபடும் சத்தம், மொட்டையின் தும்மல்.

"டேய், அதை எடுத்துக் கட்டுங்கடா! அந்த... அந்த..." வார்த்தை நழுவிவிட்டது. "நீளமா இருக்குமே... முறுக்கி..."

மூன்று பேரும் நின்று யோசித்தார்கள்.

"பாம்பாண்ணே?" என்றான் மொட்டை.

முதலில் சிரித்தது மனைவிதான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். வார்த்தை காணாமல் போனால் முகம் சுருங்கி வாய் மூடிக்கொள்கிற கிரேன், அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஆமாடா, பாம்பைக் கட்டி இறக்குங்க" என்றான். அன்று முழுவதும் கயிற்றுக்குப் பாம்பு என்றே பேராகிவிட்டது.

மர அலமாரிதான் தகராறு பண்ணியது. வாசலைத் தாண்டி முதல் திருப்பத்திலேயே சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. கிரேன் கட்டிலில் இருந்தபடியே கத்தினான்.

"பின்னாடி சாய்ச்சு இடது பக்கம் தள்ளு!"

தள்ளினார்கள். இன்னும் இறுகியது.

"அப்ப வலது பக்கம்!"

அதற்கப்புறம் தள்ளுகிற சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மச்சினன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான்.

"என்னடா ஆச்சு?"

"கதவைக் கழட்டிட்டோம் மாமா. காலையும் கழட்டியாச்சு. பலகை பலகையாப் போயிட்டிருக்கு."

"கழட்டிட்டீங்களா? நான் ஒத்தை ஆளா மேல ஏத்துனது அது! நான் இருந்தவரைக்கும் ஒரு அலமாரியைக் கழட்டினது உண்டாடா?"

மச்சினன் சொம்பைக் கீழே வைத்தான். "நீங்க இருந்தீங்க, கழட்டல. இப்ப நாங்க இருக்கோம், கழட்டுறோம். ஸ்குரூடிரைவர் இல்லாம வீட்டை விட்டே கிளம்பறதில்ல மாமா. இந்த மாசத்துல ஒரு கீறல் விழல, யாருக்கும் இடுப்பும் பிடிச்சுக்கல."

கிரேனுக்குச் சுருக்கென்றது. அவன் இல்லாவிட்டால் இவன்கள் என்ன பண்ணுவான்கள் என்ற கவலையில் எத்தனையோ ராத்திரி கண்ணை மூடாமல் கிடந்திருக்கிறான். இவன்கள் என்னடாவென்றால் ஒரு திருப்புளியில் அவனை ஈடுகட்டிவிட்டு, இடுப்பும் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கிறான்கள். கோபப்படலாமா என்று பார்த்தான், வரவில்லை. முதுகுக்கு அடியில் யாரோ இன்னொரு தோள் கொடுத்த மாதிரி இருந்தது.

"ஸ்குரூவை எல்லாம் ஒரு டப்பாவுல போட்டு வை. ஒண்ணு தொலைஞ்சாலும் உன் அக்கா என்னைத்தான் திட்டுவா" என்றான்.

கடைசியில் கட்டிலும் அவனும் மிஞ்சினார்கள்.

"நான் நடந்தே வர்றேன்" என்றான்.

"சரி, வாங்க" என்றாள் மனைவி. "இன்னைக்கு நடங்க. நாளன்னைக்குப் புது வீட்டுல, விளக்கை அணைச்சுட்டு, போர்வைக்குள்ள படுத்துக்கலாம். நான் லீவு போட்டு ஊட்டி விடறேன்."

"இறங்கறதுதானே?"

"போன தடவையும் இதே வார்த்தைதான்."

கிரேன் தரையைப் பார்த்தான். "பசங்க முன்னாடி... என்னைத் தூக்கிட்டுப் போறதாவது. ஊர் சாமானையெல்லாம் தூக்கினவன்டி நான்."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஊர் சாமானைத் தூக்கினீங்க. அப்ப அந்த அலமாரி உங்ககிட்ட ஐயோ மானம் போச்சேன்னு அழுதுச்சா? பேசாம உக்காருங்க."

அவன் கட்டிலை விட்டு எழுந்தான். கை வைத்த நாற்காலி தயாராக இருந்தது. அதன்மேல் போர்வையை நாலாக மடித்துப் போட்டு அவனை உட்கார வைத்தார்கள். கட்டிலை இறக்கிவிட்டு வந்ததும், இடுப்பைச் சுற்றிப் பாம்பைக் கட்டினான் மொட்டை. மச்சினன் கீழ்ப்படியில் நின்று முன்கால்களைப் பிடித்தான். மொட்டை பின்னால் சாய்த்துப் பிடித்தான். ஒல்லி முன்னால் நடந்து வழி சொன்னான்.

"தூக்கு."

தரை போயிற்று. கிரேன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். இருபது வருஷமாகத் தூக்குகிறவன் பக்கம்தான் அவனுக்குத் தெரியும். தூக்கப்படுகிற பக்கம் இப்படி ஊஞ்சலாய் ஆடும் என்று எந்த பீரோவும் சொன்னதில்லை.

"மாப்ள, முழங்காலை மடக்கு! படியை அடிக் கால்ல தடவிப் பார்த்துட்டு இறங்கு! டேய் மொட்டை, ரொம்பச் சாய்க்காத!"

"மாமா," என்றான் மச்சினன் மூச்சு வாங்கியபடி, "சாமான் பேசக் கூடாது."

பின்னால் மொட்டைக்குச் சிரிப்பு வந்து நாற்காலி குலுங்கியது. "சிரிக்காதடா, விழுந்துடுவேன்டா!" என்று கத்திய கிரேனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியை இறக்கி வைத்தார்கள். தூக்கினவர்கள் தூக்கப்பட்டவன் எல்லோருக்குமே மூச்சு வாங்கியது.

சத்தம் கேட்டு இரண்டாம் மாடிக் கணக்கு டீச்சர் கதவைத் திறந்தார். ரிடையர் ஆகி ரொம்ப நாள் ஆகியும் பள்ளிக்கூடத்துக் குரல் போகாதவர்.

"யாருப்பா அது? கிரேனா! உன்னைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு. உன் பொண்டாட்டியைக் கேட்டா நல்லாருக்கார்னு ஒரே பதில். நான் உனக்கு என் மேல ஏதோ கோபம்னு நினைச்சுட்டேன்."

"நல்லாத்தான் டீச்சர் இருந்தேன். படுத்துக்கிட்டு இருந்தேன்."

"கொரோனாவுக்கு அப்புறமா?"

அவன் தலையாட்டினான். வெளியாள் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

"அதை ஏன் கேக்கற? எனக்கு மூக்கு போனது போனதுதான். ஒரு வாசனையும் தெரியாது. சமையல் தீஞ்சா பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சொல்வாங்க. இருங்க, எல்லாரும் டீ குடிச்சுட்டுப் போங்க."

படியிலேயே வரிசையாக உட்கார்ந்தார்கள். டீ வந்தது. மச்சினன் ஒரு வாய் குடித்துவிட்டு ஒல்லியைப் பார்த்தான். ஒல்லி மொட்டையைப் பார்த்தான். மொட்டை டம்ளருக்குள் பார்த்தான். கிரேனின் மனைவி மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கினாள்.

"டீச்சர்," என்றான் கிரேன், "பால் திரிஞ்சு போயிருக்கு."

"அடப்பாவி! காலையிலேர்ந்து மூணு தடவை இதைத்தான் குடிச்சேன். திரிதிரியா வரும்போதே நினைச்சேன், ஏலக்காய்த் தோலோன்னு." டீச்சரே சிரித்துவிட்டார்.

"இனிமே எங்க வாசல் வழியாத்தானே டீச்சர் போகணும் வரணும். பாலைக் கையில எடுத்துட்டு வாங்க. மோந்து பார்த்துச் சொல்லிடறேன். அந்த வேலைக்கு உடம்பு தாங்கும்."

மீதிப் படிகளை அவன் கண்ணைத் திறந்துகொண்டே இறங்கினான். எதிர்ப்பட்டவர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். "கொஞ்சம் தள்ளுங்க, உடையிற சாமான்" என்று ஒல்லி ஒவ்வொரு திருப்பத்திலும் குரல் கொடுத்தான். தரைத்தளத்துக்கு வந்து நாற்காலியை வைத்ததும் மச்சினன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழக்கமாக வாடிக்கையாளரிடம் கேட்பதை அக்காவிடம் கேட்டான்.

"சாமான் எல்லாம் சரியா வந்துடுச்சாம்மா? கீறல் ஏதும் இல்லையே? பார்த்துக்குங்க."

அவள் கிரேனைச் சுற்றி ஒரு சுற்று வந்து, முகவாயைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "பழைய கீறல்தான். புதுசு இல்ல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கண் நிறைந்திருந்தது.

எல்லோரும் தரையில் உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் தின்றார்கள். மோட்டார் போட்டதும் கிரேன் சொன்னபடியே கட்டில் ஆடியது. ஜன்னலில் ஒருவன் தலையை விட்டு, "குடிவந்துட்டீங்களா?" என்று கேட்டான். "பார்த்தியா, நான் சொல்லல?" என்று மனைவியைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னவன், வந்தவனை அரைமணி நேரம் விடாமல் பேசிப் பேசியே நிறுத்தி வைத்தான். அப்புறம் அவளே வந்து, "போதும், மூச்சு வாங்குது" என்று ஜன்னல் கதவைச் சாத்த வேண்டியிருந்தது.

மறுநாளுக்கு மறுநாள்தான் இருவருக்கும் பயம். அவள் முந்தின ராத்திரியே ஜன்னலுக்குத் திரை கட்டி, ஸ்பூன்களை எல்லாம் துணியில் சுற்றி வைத்தாள். காலையில் அவள் கண் விழித்தபோது கிரேன் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தான்.

"எப்படி இருக்கு?"

அவன் கால் விரலை ஆட்டிப் பார்த்தான். கையை மடக்கிப் பார்த்தான். தலையைத் திருப்பிப் பார்த்தான். "கை கனமாத்தான் இருக்கு. ஆனா எப்பவும் இருக்கிற கனம்தான். வேற ஒண்ணும் வரல."

"நிஜமா? என்கிட்ட மறைக்கலையே?"

"நீ படியில மறைச்ச மாதிரியா?"

அவள் அவன் தோளில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

அவள் வேலைக்குக் கிளம்பும்போது, மேஜைமேல் இருந்த அவள் பையை அவன் கையில் எடுத்துக்கொண்டான். பஸ் நிற்கிற இடம் கேட்டுக்கு நேர் எதிரில்தான். "குடுங்க இப்படி" என்று அவள் கை நீட்டினாள், தரவில்லை. வாசலில் கொஞ்சம், மோட்டார் அறைச் சுவரில் கொஞ்சம் என்று நின்று நின்று நடந்தான். வெயில் பாதத்தில் ஏறியது. ஈரமண் வாசனை அடித்தது. கேட் வரைக்கும் வந்து பையைக் கொடுத்தான்.

"இன்னும் கொஞ்சம் நடப்பேன் போலிருக்கு" என்றான்.

"அப்படித் தோணுதா?"

"தோணுது."

"அப்ப இங்கயே நிப்பாட்டுங்க."

அவன் நின்றான். கேட்டுத் தூணில் சாய்ந்துகொண்டான். அவள் தெருவைத் தாண்டி, வந்த பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் பிடித்தவள், அவன் இன்னும் அங்கேயே இளித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"போய்ப் படுங்க!"

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

"படுக்கறேன்டி!" என்று அவனும் தெருவே கேட்கக் கத்தினான்.

கத்தினதில் மூச்சு இரைத்தது. பஸ் மூலை திரும்புகிற வரைக்கும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, இரைப்பு அடங்கினதும் திரும்பி நடந்தான். ஏறுவதற்கு ஒரு படிகூட இல்லை. நேரே போய்ப் படுத்துக்கொண்டான்.